அலகு எழுதாத நூற்றைம்பது

சென்ற மாதம் எதிர் வீட்டுக்காரர் கையில் ஒரு தாளோடு வந்தார். மாடியில் சூரிய மின்தகடு போடலாம் என்று யோசனை. விற்க வந்த பையன் கொடுத்துவிட்டுப் போன தாள் அது. "சார், நம்ம ஊர்ல ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஐந்தரை யூனிட் வெயில் விழுதாம். நீங்க கரண்ட் ஆபீஸ்காரர். இதை நம்பலாமா?" என்று கேட்டார்.

நான் கரண்ட் ஆபீஸ்காரன் இல்லை, அனல் மின் நிலையத்துக்காரன் என்று பலமுறை சொல்லியாயிற்று. இருந்தாலும் தாளை வாங்கிப் பார்த்தேன். பிறகு பரணிலிருந்து என் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த 1969-இல் வாங்கியது, அட்டை போய்விட்டது. அதில் வெயில் கணக்கை ஒரு நாளைக்கு இத்தனை லாங்லி என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு லாங்லி என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஒரு கலோரி வெப்பம். இப்போது யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. நம் மின்கட்டண யூனிட்டில் சொன்னால், ஒரு லாங்லி ஒரு சதுர மீட்டருக்கு 0.01162 யூனிட். ஐந்தரை யூனிட் என்றால் சுமார் 473 லாங்லி. நம் பக்கத்து வெயிலுக்கு அது நடக்கக்கூடிய கணக்குத்தான்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 473 என்ற எண்ணுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், வெப்பத்தை அளக்க மனிதன் எத்தனை படி, எத்தனை மரக்கால் வைத்திருந்தான் என்ற கதையைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்த தப்பு புரியாது.

முதலில் எதை அளக்கிறோம் என்று பார்ப்போம். ஒரு பொருளில் எவ்வளவு சூடு இருக்கிறது என்பது வெப்பநிலை. அதைத் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். நான் சொல்வது வேறு. ஒரு சுவரின் வழியாகவோ, ஒரு கூரையின் மேலோ, ஒரு குழாயின் தோலிலிருந்தோ, குறிப்பிட்ட பரப்பில், குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு வெப்பம் கடந்து போகிறது என்பது. பாடப்புத்தகத்தில் வெப்பப் பாய அடர்த்தி என்பார்கள். இதில் மூன்று விஷயம் சேர்ந்திருக்கிறது: வெப்பம், பரப்பு, நேரம். வெப்பத்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அலகு, பரப்புக்கு ஓர் அலகு, நேரத்துக்கு நொடி, நிமிடம், மணி, நாள். மூன்றும் பெருகினால் எத்தனை விதம் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பனிக்கட்டியே தராசு

முதலில் வெப்பத்தை அளக்கக் கிடைத்த தராசு பனிக்கட்டிதான். 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு பாத்திரத்தைச் செய்தார்கள். நடுவில் சூடான பொருள், சுற்றிலும் பனிக்கட்டி, அதற்கும் வெளியே இன்னொரு பனிக்கட்டி அடுக்கு. பொருள் விடும் வெப்பத்தில் உருகி வழியும் தண்ணீரை நிறுத்தால் வெப்பம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு கினிப் பன்றியைக்கூட உள்ளே வைத்து, அது மூச்சுவிடும் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று பார்த்தார்கள்.

1822-இல் வெப்பக் கடத்தலைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய ஃபூரியேவும் அதே வழியில்தான் போனார். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவையான வெப்பமே அவருக்கு ஓர் அலகு. ஒரு பரப்பைக் கடந்து பாயும் வெப்பம் என்ற எண்ணத்தைக் கணக்குக்குள் சரியாகக் கொண்டுவந்தவரும் அவர்தான். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒரே அலகில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. இதை நான் கல்லூரியில் படித்தேன். மதிப்பெண்ணும் வாங்கினேன். புத்தியில் ஏறியது வேறு இடத்தில்.

1837-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெயிலை அளக்க இரண்டு பேர் முயன்றார்கள். ஒருவர் ஜான் ஹெர்ஷல். தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் வெயிலுக்கென்று வைத்த அலகின் பெயர் ஆக்டின். நேர்க்கோணத்தில் விழும் வெயில் ஒரு நிமிடத்தில் பனிக்கட்டியின் மேலிருந்து ஒரு மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கனத்தை உருக்கினால் அது ஒரு ஆக்டின். இன்றைய கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து வாட்டுக்குச் சற்று மேல். நம் ஊர் உச்சி வெயிலைச் சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 196 ஆக்டின் வருகிறது. அதாவது ஒரு அங்குலப் பனிப்பலகை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் காணாமல் போகும். எனக்கு வாட்டைவிட இது பிடித்திருக்கிறது. மாடியில் வெறுங்காலோடு நிற்பவனுக்கு ஆயிரம் வாட் என்றால் என்ன தெரியும்? ஒரு அங்குலப் பனிக்கட்டி என்றால் தெரியும்.

இன்னொருவர் பிரான்ஸைச் சேர்ந்த பூயே. அவருடைய கருவி மிக எளியது: தட்டையான வெள்ளிப் பாத்திரம், ஒரு பக்கம் விளக்குக் கரி பூசியது, உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் தெர்மாமீட்டர். கரி பூசிய முகத்தைச் சூரியனுக்குக் காட்டி, தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்று பார்த்தார். காற்று மண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு நிமிடத்துக்கு 1.76 கலோரி விழுகிறது என்று கணக்கிட்டு, அதற்குச் சூரிய மாறிலி என்று பெயரும் வைத்தார். வாட்டில் சொன்னால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,230. இன்று செயற்கைக்கோள்கள் சொல்வது 1,361. ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தையும் தெர்மாமீட்டரையும் வைத்துக்கொண்டு பத்துச் சதவீதத்துக்குள் வந்துவிட்டார் மனிதர்! சூரியன் ஒரு வருடத்தில் தரும் வெப்பம் பூமி முழுவதும் ஏறக்குறைய 31 மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டியை உருக்கும் என்றும் சொன்னார். அங்கேயும் பனிக்கட்டி வந்துவிட்டது பாருங்கள்.

நமக்கு ஏது பனிக்கட்டி என்று கேட்காதீர்கள். மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இப்போதைய விவேகானந்தர் இல்லம், 1842-இல் எதற்குக் கட்டினார்கள்? அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை டூடர் என்ற வியாபாரி கப்பலில் கொண்டுவந்து வைக்கத்தான். மரத்தூளில் புதைத்துக் கொண்டுவருவார்கள். வழியில் உருகியது போக மிச்சம்தான் காசு. வெப்பம் எவ்வளவு உள்ளே புகுகிறது என்பது டூடருக்குப் பாடப்புத்தகக் கேள்வி இல்லை, பிழைப்பு.

அந்தப் பனிக்கட்டி இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறது. கடையில் போய் ஒன்றரை டன் ஏ.சி. கேட்கிறீர்களே, அது ஏ.சி.யின் எடை இல்லை. அமெரிக்க டன் ஒன்று, அதாவது 2,000 பவுண்டு பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பத்தை வீட்டிலிருந்து எடுத்து வெளியே தள்ளினால் அது ஒரு டன் ஏ.சி. ஒரு பவுண்டு பனிக்கட்டி உருக 144 பி.டி.யு. வேண்டும். 2,000-ஐ 144-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் மணிக்கு 12,000 பி.டி.யு. 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் என்று மெக்கானிக் சொன்னால், சதுர அடிக்கு மணிக்கு 100 பி.டி.யு. என்று பொருள். சதுர மீட்டருக்கு 315 வாட்.

கலோரி ஒன்று, உருவம் பல

1824-இல் பாரிஸில் க்ளெமான் என்பவர் தன் வகுப்பில் கலோரி என்ற அலகைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம். பிறகு வேறு சிலர் ஒரு கிராம் தண்ணீருக்கு அதே பெயரை வைத்துவிட்டார்கள். அதனால்தான் டாக்டர் எழுதிக்கொடுக்கும் டயட் தாளில் வரும் கலோரி இயற்பியல் புத்தகக் கலோரியைப் போல் ஆயிரம் மடங்கு. பெயர் ஒன்றுதான்.

ஆங்கிலேயர்களுக்குக் கிலோவும் சென்டிகிரேடும் ஆகாது. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்குவது அவர்களுடைய பி.டி.யு. அது 252 சிறு கலோரிக்குச் சமம். நம் ஊருக்கு வந்த பாய்லர் புத்தகங்களில் பெரும்பாலும் இந்தப் பி.டி.யு.தான். ஜெர்மனி, ரஷ்யா பக்கத்துப் புத்தகங்களில் சதுர மீட்டருக்கு மணிக்கு இத்தனை கிலோகலோரி. வானிலைக்காரர்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு இத்தனை கலோரி. இப்போதைய பாடத்தில் சதுர மீட்டருக்கு வாட்.

மான்செஸ்டரில் மது வடிக்கும் ஆலை வைத்திருந்த ஜூல் என்பவர், வெப்பமும் உழைப்பும் ஒன்றுதான் என்று 1840-களில் நிரூபித்தார். ஒரு பாத்திரத் தண்ணீரைத் துடுப்புகளால் கலக்கி, எடைக்கல் எவ்வளவு கீழே இறங்கினால் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்து, 1850-இல் 772 அடி-பவுண்டு என்ற எண்ணைச் சொன்னார். அன்றைக்கே கலோரிக்கும் பி.டி.யு.க்கும் தேவை தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் பழகிய படியை யார் விடுவார்கள்? 1882-இல் சீமென்ஸ் வாட் என்ற அலகை முன்மொழிந்தார். வெப்பத்துக்கும் ஜூல்தான் அலகு என்று உலகம் ஒப்புக்கொள்ள 1948 ஆயிற்று.

அதற்குள் கலோரியே பலவாகிவிட்டது. தண்ணீர் 15 டிகிரியில் இருக்கும்போது அளந்தால் 4.1855 ஜூல். வேதியியல்காரர்களுக்கு 4.184. நீராவி அட்டவணைக்காரர்களுக்கு 4.1868. நமக்கு இது தலைமுடி அளவு வித்தியாசம். டர்பைன் விற்கும் கம்பெனிக்கும் வாங்கும் கம்பெனிக்கும் உத்தரவாத ஒப்பந்தத்தில் அது காசு.

1956

எங்கள் தலைமுறைக்கு 1956 என்றால் மொழிவாரி மாநிலங்கள் ஞாபகம் வரும். அளவைகளின் சரித்திரத்திலும் அது பெரிய வருடம்.

அந்த ஜூலையில் லண்டனில் நீராவியின் பண்புகள் பற்றிய சர்வதேச மாநாடு கூடி, கலோரி என்றால் இனி 4.1868 ஜூல், புள்ளி பிசகாமல், என்று முடிவு செய்தது. செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் வெயில் அளப்பவர்கள் கூடினார்கள். அவர்களுடைய பிரச்சினை இன்னும் வினோதமானது. ஸ்வீடனின் ஆங்ஸ்ட்ராம் கருவியை வைத்து ஒரு அளவுமுறை, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கருவியை வைத்து இன்னொன்று. இரண்டிலும் அலகின் பெயர் ஒன்றே, சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு கலோரி. ஆனால் ஒரே வெயிலை இரண்டாலும் அளந்தால் மூன்றரை சதவீதம் வித்தியாசம் வந்தது. நம் பக்கத்தில் பட்டணம் படி, சின்னப் படி என்று இருந்ததே, அதே கதை. பஞ்சாயத்து எப்படி முடிந்தது தெரியுமா? ஆங்ஸ்ட்ராம் கணக்கை ஒன்றரை சதவீதம் கூட்டு, ஸ்மித்சோனியன் கணக்கை இரண்டு சதவீதம் குறை, நடுவில் சந்தித்துக்கொள். 1957 ஜனவரி முதல் உலகம் முழுவதும் அந்த நடு அளவு. பின்னால் நல்ல கருவிகள் வந்தபோது அந்த நடுவும் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு என்று தெரிந்து மறுபடி திருத்தினார்கள்.

அதே வருடக் கடைசியில் நம் நாட்டில் எடை, அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா. 1958 அக்டோபரிலிருந்து கிலோ, மீட்டர் படிப்படியாக நுழைந்தன. எனக்கு அப்போது பத்து வயது. ஒரு அணாவுக்கு ஆறே கால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? கடைக்காரர் ஒரு அணாச் சாமான் விற்றால் ஆறு பைசாவா ஏழு பைசாவா என்று தினமும் சண்டை. என் பாட்டி எட்டணா கொடுத்தால் ஐம்பது பைசாச் சாமான் சரியாக வரும் என்று கண்டுபிடித்து, எதையும் எட்டணாவுக்குத்தான் வாங்குவாள். தசம பின்னத்தின் தொல்லையை அவள் தீர்த்த முறை அது.

அந்தக் காலத்தில்தான் புனேயில் வானிலைத் துறையில் அன்னா மணி வேலை செய்துகொண்டிருந்தார். பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி செய்து, லண்டனில் கருவியியல் பயின்று 1948-இல் அந்தத் துறைக்கு வந்தவர். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த சுமார் நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து இங்கேயே செய்ய வழி செய்தார். 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டில் நாட்டில் வெயில் அளக்கும் நிலையங்களின் வலையை அமைத்தார். தப்பாக அளப்பதைவிட அளக்காமலிருப்பதே மேல் என்ற போக்கு அவருடையது. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு விவரங்களைத் தொகுத்து 1980-இலும் 1981-இலும் இரண்டு பெரிய நூல்களைக் கொண்டுவந்தார். இன்று மாடியில் மின்தகடு போடுபவர்களின் தாளில் இருக்கும் எண்களுக்கு அந்த அம்மையார் போட்ட பாதை ஒரு ஆரம்பம். அவர் 2001-இல் காலமானார்.

என் நூற்றைம்பது

இனி என் கதை.

1978. கடலோரத்தில் ஒரு மின் நிலையம். எனக்கு முப்பத்தொரு வயது, பொறுப்பில் ஒரு நீராவி ஹெடர். பல குழாய்கள் வந்து சேரும் பருத்த குழாய் அது. உள்ளே 300 டிகிரி நீராவி. மேலே கண்ணாடிக் கம்பளி சுற்றி, அலுமினியத் தகடு போர்த்த வேண்டும். எங்கள் ஊரில் இதை லாகிங் என்போம். எத்தனை அங்குலம் சுற்ற வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை.

அதற்கான தாள் தட்டச்சு செய்து ஸ்டென்சிலில் ஓட்டிய நகல். மூன்றாம் பக்கத்தில் தலைப்பு வரி விழவில்லை. அனுமதிக்கத்தக்க வெப்ப இழப்பு என்ற இடத்தில் வெறும் 150 மட்டும். அலகு இல்லை. நான் படித்ததெல்லாம் ஆங்கிலேயர் புத்தகம். கண்ணை மூடிக்கொண்டு அதைச் சதுர அடிக்கு மணிக்கு 150 பி.டி.யு. என்று எடுத்துக்கொண்டேன். கணக்கில் ஒரு அங்குலம் போதும் என்று வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

லாகிங் மேஸ்திரிக்கு அப்போதே ஐம்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடம் போகாதவர். தாளைப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒரு இஞ்ச் கட்டினா கை வைக்க முடியாது. மூணு இஞ்சாவது வேணும்" என்றார்.

"பேப்பர்ல இருக்கறதைக் கட்டுங்க மேஸ்திரி" என்றேன்.

கட்டினார். நீராவி திறந்து பதினோராம் நாள், ஒப்பந்தக்காரரின் ஆள், பத்தொன்பது இருபது வயதுப் பையன், ஏணியில் கால் வழுக்கி முழங்கையை அந்தத் தகட்டில் ஊன்றிவிட்டான். முன்கை நீளத்துக்குத் தோல் வெந்துவிட்டது.

அன்று மாலை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தகட்டின் மேல் 76 டிகிரி. 60-ஐத் தாண்டக்கூடாது. இரவு ஆவண அறையைத் திறக்கச் சொல்லி மூலத் தாளைத் தேடி எடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த மூலம். அதில் தலைப்பு வரி தெளிவாக இருந்தது: சதுர மீட்டருக்கு மணிக்குக் கிலோகலோரி.

150 கிலோகலோரி என்றால் சதுர மீட்டருக்கு 174 வாட். நான் எடுத்துக்கொண்ட 150 பி.டி.யு. என்றால் 473 வாட். இரண்டுக்கும் இடையில் 2.71 மடங்கு. கணக்கைத் திருப்பிப் போட்டேன். மூன்று அங்குலம் வந்தது. மேஸ்திரி சொன்ன அதே மூன்று.

மறுநாள் காலை மேலதிகாரியிடம் இரண்டு தாளையும் கொண்டு போனேன். அவர் பார்த்தார். "ராத்திரியோட ராத்திரியா மூணு இஞ்ச் சுத்திடு. இதை எழுதாதே. உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்" என்றார். விபத்து அறிக்கை தயாராகவே இருந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. கீழே சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டேன்.

கவனக்குறைவு என்று எழுதிவிட்டதால் அந்தப் பையனுக்கு வேலைக்கு வராத நாட்களுக்குக் கூலி இல்லை. என் சம்பளத்திலிருந்து அறுபது ரூபாய் எடுத்து மேஸ்திரி மூலம் கொடுத்தனுப்பினேன். பணத்தைக் கொடுத்தேன், உண்மையைக் கொடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தவன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்தான். அறுபது ரூபாய்க்கு நன்றி சொன்னான்! அந்த நன்றி இன்னும் என்னிடம் கிடக்கிறது.

புதிய லாகிங் முடிந்த அன்று மேஸ்திரி தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "இப்ப சரியா இருக்கு சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பின்னாளில் பதவி உயர்ந்து, என் கீழ் நிறையப் பேர் வேலை செய்தார்கள். அலகு எழுதாத எண்ணோடு யார் தாள் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். கண்டிப்பான ஆள் என்று பெயர் வாங்கினேன். ஏன் அப்படி என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. மேஸ்திரி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அந்தப் பையன் எங்கே என்று தெரியவில்லை. இருந்தால் அவனுக்கும் எழுபது நெருங்கியிருக்கும். தப்பு உன்னுடையது இல்லையப்பா, என் கணக்கு என்று நாற்பத்தைந்து வருடம் தாமதமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

பேரன் பேத்திகள் பொறியியல் படித்தால் காட்டலாம் என்று, என் நோட்டில் அந்த இரவு எழுதிய பக்கத்தை இங்கே தருகிறேன். எல்லாவற்றையும் சதுர மீட்டருக்கு வாட் என்ற ஒரே படிக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

சதுர அடிக்கு மணிக்கு 1 பி.டி.யு. = 3.155 வாட்
சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோகலோரி = 1.163 வாட்
சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 1 கலோரி = 697 வாட்
நாளைக்கு 1 லாங்லி = 0.484 வாட்
சதுர மீட்டருக்கு நாளைக்கு 1 மின் யூனிட் = 41.7 வாட்

மனப்பாடம் செய்ய வேண்டாம், நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு பி.டி.யு. 1,055 ஜூல். ஒரு சதுர அடி 0.0929 சதுர மீட்டர். ஒரு மணி 3,600 நொடி. 1,055-ஐ முதலில் 0.0929-ஆலும் பிறகு 3,600-ஆலும் வகுங்கள், 3.155 வந்துவிடும். மற்றவையும் இதே வழிதான். வந்த விடையை வெயிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உச்சி வெயில் ஆயிரம் வாட். சுற்றிக் கட்டிய குழாயின் மேல் அதில் பாதி வருகிறது என்று கணக்குச் சொன்னால், கணக்கை நிறுத்திவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

எதிர் வீட்டுக்காரரின் தாளில் ஐந்தரை என்ற எண்ணுக்குப் பக்கத்தில் யூனிட், சதுர மீட்டர், ஒரு நாள் என்று மூன்றையும் பேனாவால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்கு சார், எனக்குத்தான் தெரியுமே" என்றார்.

"உங்களுக்குத் தெரியும். தகடு மாட்ட வர்ற பையனுக்குத் தெரியணும்" என்றேன்.